கண்மாயில் நீந்தியது நீர் உடும்பா, நம் ஊர் உடும்பா?

நிலையூரான் (ஞாயிறு, காலை 9.10)

விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் மூன்று நாட்களாகச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மதுரைப் பக்கம் நிலையூர் கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தேன். கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிக் கிடக்கிறது. உள்வாயில் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. அந்த மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தலை மட்டும் கரையை நோக்கி வந்தது. சாரைப்பாம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். நாக்கு வேறு இரண்டாகப் பிளந்து வெளியே வந்து வந்து போனது. ஆனால் பாம்பு போனால் தண்ணீர் அவ்வளவு அகலமாக விலகாதே என்று நின்று பார்த்தேன். மடைக் கல்லருகே வந்ததும் முன்கால்கள் இரண்டையும் கல்லில் வைத்து ஏறியது. நகம் கல்லில் உரசும் சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது. ஏறியதும் தொண்டையை உப்பி உப்பி மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்த பிறகு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை; கரை மேட்டில் சீமைக்கருவேலம் புதருக்குள் புகுந்துவிட்டது.

அது போன பிறகு கல்லில் ஈரம் படிந்த இடத்தைத் தோளில் கிடந்த துண்டை வைத்து அளந்தேன். நாலேகால் அடிக்குக் குறையாது. நனைந்த உடம்பு கறுப்பாக இருந்தது. பக்கவாட்டில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்த மாதிரியும் இருந்தது. வால் தட்டையாக, கத்தியைச் செங்குத்தாக நிறுத்தியது போல இருந்தது.

என் மைத்துனர் முதலைக்குட்டி என்கிறார். பையன் காணொளி எல்லாம் பார்த்துவிட்டு நீர் உடும்பு என்கிறான். என் அம்மா "உடும்புதான்டா, வேறென்ன" என்று சொல்லிவிட்டு மறுசோறு போடப் போய்விட்டார். யார் சொல்வது சரி? அவசரத்தில் எடுத்த படம் ஒன்று இணைத்திருக்கிறேன். மன்னிக்கவும், பாதிக்குமேல் கருவேல முள்தான் இருக்கிறது.

பைபாஸ்வாசி (காலை 9.32)

தண்ணீரில் நீந்தியது, வால் தட்டை, உடம்பில் மஞ்சள் புள்ளி. இதற்குமேல் என்ன வேண்டும்? நீர் உடும்புதான். உங்கள் பையனுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

நாகமலை நடையன் (காலை 10.05)

ஐஸ்கிரீமைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

முதலை என்பதை முதலில் கழித்துவிடலாம். முதலை நாக்கை நீட்டாது. அதன் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும். பாம்பு போலப் பிளந்த நாக்கை நீட்டி இழுக்கிற நாலுகால் பிராணி நம் பக்கத்தில் உடும்பு ஒன்றுதான். அந்த நாக்கு காற்றில் இருக்கும் வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் வாசனை அறியும் ஜேக்கப்சன் உறுப்பில் கொண்டு சேர்க்கிறது. இரண்டு நுனியில் எதில் வாசம் கூடுதலோ அந்தப் பக்கம் இரை.

இனி நீர் உடும்பா என்பது. இந்தியாவில் உடும்பு நான்கு வகை. நம் ஊரில் கரட்டிலும் கண்மாய்க் கரையிலும் இருப்பது வங்க உடும்பு. வரானஸ் பெங்காலென்சிஸ் என்பது அறிவியல் பெயர். பெயரில் வங்கம் இருந்தாலும் கன்னியாகுமரி வரை உண்டு. மஞ்சள் உடும்பு வடக்கே, பாலை உடும்பு ராஜஸ்தான் பக்கம். நான்காவது நீர் உடும்பு, வரானஸ் சால்வேட்டர். அது இந்தியாவில் வடகிழக்கிலும், சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா போன்ற அலையாத்திக் காடுகளிலும், அந்தமான் நிகோபாரிலும் இருக்கிறது. மதுரையில் இயற்கையாக இல்லை.

தண்ணீரில் நீந்தியதை ஆதாரமாகச் சொல்லாதீர்கள். எருமையும்தான் நீந்துகிறது. நம் ஊர் உடும்பு அருமையாக நீந்தும். ஆபத்து என்றால் தண்ணீருக்குள் மூழ்கிக் கால் மணி நேரத்துக்குமேல்கூட அடியில் கிடக்கும். வால் தட்டையாக இருப்பதும் இரண்டுக்கும் பொது. நீர் உடும்புக்கு இன்னும் கூடுதலாகத் துடுப்பு போல இருக்கும், அவ்வளவுதான். நனைந்த உடும்பு எல்லாமே கறுப்பு. நாலேகால் அடி என்பதும் ஒன்றும் சொல்லாது. வங்க உடும்பே ஐந்தேமுக்கால் அடிவரை வளரும், அதில் பாதிக்குமேல் வால்.

படத்தை மூக்குப் பக்கம் பெரிதாக்கிப் போடுங்கள். எனக்கு மூக்குத் துளை தெரிய வேண்டும்.

பைபாஸ்வாசி (காலை 10.11)

மூக்கைப் பார்த்துப் பலன் சொல்ல இது என்ன அங்க சாத்திரமா?

நாகமலை நடையன் (காலை 10.20)

ஆமாம், இந்த இரண்டு உடும்புக்கும் அங்க சாத்திரம்தான். நீர் உடும்பின் மூக்குத் துளை மூஞ்சியின் நுனியை ஒட்டி, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும்போது நுனியை மட்டும் வெளியே வைத்து மூச்சு விடத் தோதான அமைப்பு. நம் உடும்புக்கோ கண்ணுக்கும் மூஞ்சி நுனிக்கும் இடையில், சாய்வாகக் கிழித்த கீற்று போல இருக்கும். நிறம் ஏமாற்றும், அளவு ஏமாற்றும், மூக்கு ஏமாற்றாது.

கண்டிப் பேத்தி (பகல் 12.45)

இந்தப் பேச்சில் நான் வராமல் இருக்க முடியாது.

என் தாத்தா பாட்டி கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் மதுரையில் தங்கியவர்கள். பாட்டி இரண்டு பெயர் சொல்வார்: தலகொயா, கபரகொயா. இரண்டும் சிங்களச் சொற்கள். தலகொயா என்றால் நம் தரை உடும்பு; கபரகொயா என்றால் நீர் உடும்பு. தலகொயாவைச் சிலர் தின்பார்கள், கபரகொயாவைத் தொடமாட்டார்கள். அது விஷம், அதிலிருந்து மரணத் தைலம் காய்ச்சுவார்கள் என்று கதை. பாட்டி சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்து ஓடையில் கபரகொயா போனால் பெண்கள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டுக் கரையேறி நிற்பார்களாம். பயம் ஒன்றுமில்லை, அது வாலைச் சுழற்றினால் துவைத்த துணி எல்லாம் சேறாகும் என்பதற்காக!

மூன்று வருடத்துக்கு முன் கண்டிக்குப் போனபோது ஏரிக்கரை நடைபாதையில் அதை நேரில் பார்த்தேன். அந்த ஏரியில் அது சாதாரணம். பாதையின் குறுக்கே தலையை இந்தப் பக்கமும் வாலை அந்தப் பக்கமும் வைத்துப் படுத்திருந்தது. ஆறு அடிக்குக் குறையாது. ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாக, முதுகின் குறுக்கே பாசிமணி கோத்த மாதிரி. மூஞ்சி நீளம், நுனியில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக. கழுத்தடியில் தோல் மடிந்து தொங்கியது. ஒரு பள்ளிக்கூடப் பையன் செருப்புக் காலைத் தரையில் தட்டியதும் எழுந்து, அவசரமே இல்லாமல், நாலு கால்களையும் அகட்டி நடந்துபோய் ஏரிக்குள் இறங்கியது. தண்ணீருக்குள் போனதும் அந்தக் கால்கள் காணாமல் போயின. நாலையும் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு வால் ஒன்றை மட்டும் இடமும் வலமும் வளைத்து வளைத்துப் போனது. கரையில் அசமந்தமாகக் கிடந்ததும் இதுவும் ஒரே பிராணி என்று நம்ப முடியவில்லை.

நிலையூரான் ஐயா, உங்களுடையது நீந்தும்போது எப்படிப் போனது?

நிலையூரான் (பிற்பகல் 1.30)

கால் தெரியவில்லை அம்மா, தலை மட்டும்தான் தெரிந்தது. மூக்குப் படத்தைப் பையன் மாலையில் வந்து பெரிதாக்கித் தருகிறேன் என்றான்.

நாகமலை நடையன் (பிற்பகல் 2.15)

கண்டிப் பேத்தி எழுதியது மிக அருமை. காலை மடக்கி வாலால் நீந்துவது எல்லா உடும்புக்கும் பொது; முதலைக்கும் அப்படித்தான்.

கண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பதிவான நீர் உடும்புகளில் மிக நீளமானது கண்டியில் அளந்ததுதான்: 3.21 மீட்டர், அதாவது பத்தரை அடி. சாதாரணமாக ஐந்து, ஆறு அடி. எடையில் உலகப் பல்லிகளில் கொமோடோ உடும்புக்கு அடுத்த இடம் இதற்கு. 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசில் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: முதலை போன்ற தோற்றம், நீலநிற நாக்கு, தண்ணீருக்குள் முங்கும் பழக்கம் எல்லாம். உங்கள் பாட்டி சொன்ன அதே பாகுபாடும் அவர் எழுத்தில் இருக்கிறது. ஒன்றைத் தின்பார்கள், மற்றதைத் தின்னமாட்டார்கள். முந்நூறு வருடத்துக்குமுன் ஒரு கைதி எழுதியதும் உங்கள் பாட்டி சொன்னதும் ஒத்துப்போகிறது பாருங்கள்.

சிங்கை மேலூரான் (மாலை 4.50)

மேலூர்க்காரன், பதினோரு வருடமாகச் சிங்கப்பூர் வாசம். இங்கே நீர் உடும்பைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. வேலை முடிந்து வரும் வழியில் கான்கிரீட் கால்வாயில் ஒன்று கிடக்கும். சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பலகைப் பாதையில் நின்றால், உவர்நீரில் சேறு பூசிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நன்னீர், உவர்நீர், கடல் எதுவும் அதற்குப் பேதமில்லை. நண்டு, மீன், தவளை, எலி, பறவை முட்டை, செத்துப்போன எதுவும் சாப்பாடு. ஒரு தடவை செத்த கெளுத்தி மீனைத் தலையில் பிடித்து, தலையை மேலே தூக்கித் தூக்கி விழுங்கியதைப் பார்த்தேன். முள் நிமிர்ந்த மீனை எப்படி இறக்கியது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பாங்காக்கில் லும்பினி பூங்காவில் நூற்றுக்கணக்கில் பெருகிப்போய் 2016இல் பிடித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்து மொழியில் இதன் பெயர் ஒரு கெட்ட வார்த்தை. அதனால் மரியாதைக்கு "வெள்ளியும் தங்கமும்" என்ற பொருளில் வேறு பெயர் சொல்வார்களாம்.

இங்கேயும் நடையன் சொன்ன மூக்குக் கணக்குதான். நம் வங்க உடும்புக்கு நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று சிங்கப்பூரில் உண்டு. இரண்டும் ஒரே பூங்காவில் சுற்றும். துளை நுனியில் இருந்தால் நீர் உடும்பு. நடுவில் கீற்றாக இருந்தால் மற்றது. என்னோடு வேலை பார்க்கிற தஞ்சாவூர்த் தம்பி இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வார இறுதியில் பெரிய நிபுணராக நடக்கிறான்.

மடைக்காரர் மகன் (மாலை 6.20)

எங்கள் அப்பா மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கு நீர்க்கட்டி, அதாவது மடை திறந்து தண்ணீர் பங்கிட்டு விடுபவர். நான் பெட்டி படுக்கையோடு வெளியூர் பிழைக்கப் போய்விட்டேன். ஆனாலும் கண்மாய் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

மடைக் கல் இடுக்கில் உடும்பு இல்லாத பழைய கண்மாயை நான் பார்த்ததில்லை. காலையில் வெயில் ஏறிக் கல் சுட்டால்தான் வெளியே வரும். அரைமணி நேரம் உடம்பைப் பரப்பிக் கல்லில் ஒட்டிக் கிடக்கும். பிறகுதான் இரை தேடப் போகும். அப்பா உடும்பை விரட்ட விடமாட்டார். வரப்பில் வளை போட்டுத் தண்ணீரைக் கசியவிடும் நண்டுகளைத் தோண்டித் தின்னும் என்பார். தண்ணீர் நிறைந்த மாதங்களில் அது கரையோரத் தண்ணீருக்குள் இறங்கி நத்தை, தவளை, சின்ன மீன் எல்லாம் பிடிக்கும். தண்ணீர் வற்றிவிட்டால் வண்டும் எலியும்தான் சாப்பாடு. புற்றைத் தோண்டித்தான் முட்டை வைக்கும். ஒரு தடவைக்கு இருபது, முப்பது முட்டைகூட இருக்கும். கறையான் புற்றுக்குள் சூடும் ஈரமும் ஒரே சீராக இருப்பதால் அதற்கு அடைக்கோழி வேலை மிச்சம்.

குட்டியை எங்கள் ஊரில் பொன்னுடும்பு என்பார்கள். உடம்பில் மஞ்சள் புள்ளியும் கறுப்புப் பட்டையும் பளிச்சென்று இருக்கும். வளர வளர மங்கி, மண் நிறத்துக்கு வந்துவிடும். பொன்னுடும்பு வேறு சாதி என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு இல்லை, அதே உடும்பின் பிள்ளைதான்.

ஒரு நடந்த கதை. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது என் சித்தப்பா, அப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, மடைப் பொந்துக்குள் கை விட்டு ஓர் உடும்பின் வாலைப் பிடித்துவிட்டார். உள்ளே அது உடம்பை ஊதிக் கல்லோடு கல்லாக அடைத்துக்கொண்டது. நகத்தை ஊன்றிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, தோளோடு பொந்துக்குள் போயிருந்த சித்தப்பாவின் கையும் முழங்கையில் சிக்கிக்கொண்டது. முக்கால் மணி நேரம் கல்லோடு கன்னம் வைத்துப் படுத்திருந்தார். கடைசியில் என் அப்பத்தா வந்து முழங்கையில் விளக்கெண்ணெய் ஊற்றித்தான் வெளியே எடுத்தார்கள். விரலில் கடிபட்டு நான்கு தையல். "உடும்பு வேண்டாம், கை வந்தால் போதும்" என்ற பழமொழியை ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சொன்னது. இன்றைக்கும் சொல்கிறது.

செல்லூர்க்காரி (மாலை 6.48)

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது அண்ணே. சித்தப்பா இந்த இழையைப் படிக்கிறாரா?

மடைக்காரர் மகன் (மாலை 6.55)

படிக்கிறார். "முக்கால் மணி நேரம் இல்லை, அரை மணி நேரம்" என்று திருத்தச் சொல்கிறார்.

வெள்ளிவீதி (இரவு 7.30)

கடியில் விஷம் உண்டா? அப்புறம், இதன் எண்ணெய் மூட்டு வலிக்கு நல்லது என்று ஒருவர் புட்டியில் தருகிறார். வாங்கலாமா? கறி, ரத்தம் எல்லாம் உடம்புக்குத் தெம்பு என்றும் சொன்னார்.

நெறியாளர் (இரவு 7.41)

வாங்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு இந்தத் தளத்தில் இடமில்லை. உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ விற்றாலோ மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. விற்பவருடைய விலாசத்தை இங்கே போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாகமலை நடையன் (இரவு 8.10)

கடி பற்றி மட்டும் சொல்கிறேன். உடும்புகளின் தாடையில் விஷச் சுரப்பி உண்டு என்று ஆராய்ச்சியாளர் சிலர் சொல்கிறார்கள்; மனிதனுக்கு அதனால் எவ்வளவு பாதிப்பு என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. நடைமுறையில் ஆபத்து கிழிசலும் சீழும்தான். சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய், ரத்தம் என்று சொல்வதெல்லாம் பிராணியின் உயிரை எடுக்கும் புரளி. வடக்கே இதைவிட மோசம்: ஆண் உடும்பின் உறுப்பை வெட்டிக் காயவைத்து, அபூர்வ வேர் என்று சொல்லி "ஹத்தா ஜோடி" என்ற பெயரில் பூசை அறைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் எதைக் கும்பிட்டோம் என்று தெரிந்தபோது முகம் எப்படிப் போயிருக்கும்!

தாளம் தப்பியவன் (இரவு 8.34)

கொஞ்சம் வழி விலகுகிறேன். நான் கஞ்சிரா கற்றுக்கொண்டவன். பெயருக்கு ஏற்றபடி அரங்கேறவில்லை. பலாமரச் சட்டத்தில் போர்த்துவது உடும்புத் தோல்தான் என்பது அந்த நாள் வழக்கம். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அந்த வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். என் ஆசிரியரிடம் இருந்த பழைய கஞ்சிராவில் செதில்கள் இருந்த இடம் கடுகு கடுகாகத் தெரியும். வாசிப்பதற்கு முன் உள்பக்கம் ஒரு கை தண்ணீர் தெளித்து விரலால் தேய்ப்பார். இறுக்கமாக "டண்" என்றது மெல்லத் தாழ்ந்து "தொம்" என்று இறங்கும். கச்சேரி நடுவே உலர்ந்துவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். இப்போது வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு ஆட்டுத் தோல். ஆட்டுத் தோலில் அந்த இறக்கம் வராது என்று அவர் புலம்புவார். "உடும்பு கண்மாயில் கிடக்கட்டும், நீ ஆட்டில் கற்றுக்கொள்" என்றும் அவரேதான் சொன்னார்.

நிலையூரான் (இரவு 9.15)

மூக்குப் படம் இதோ. பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெளிச்சம் கூட்டித் தந்தான். மூஞ்சி நுனியில் துளை இல்லை. கண்ணுக்கும் நுனிக்கும் இடையில், எலுமிச்சங்காயில் நகம் பதித்த மாதிரி ஒரு சாய்ந்த கீற்று. தொண்டையில் கரும்பொட்டுகள் இறைந்து கிடக்கின்றன. பக்கவாட்டில் நான் மஞ்சள் புள்ளி என்று சொன்னது பெரும்பாலும் ஆகாயத்தாமரைத் துணுக்கு ஒட்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாகமலை நடையன் (இரவு 9.22)

வங்க உடும்பு. சந்தேகமே இல்லை. உங்கள் அம்மாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

பைபாஸ்வாசி (இரவு 9.40)

தோற்றேன். ஆனால் ஒரு கேள்வி: யாராவது வளர்த்துவிட்டுக் கொண்டுவந்து விட்டிருந்தால்?

நாகமலை நடையன் (இரவு 9.47)

அப்படி விட்டிருந்தாலும் மூக்கு இடம் மாறாது.

செல்லூர்க்காரி (திங்கள், காலை 8.05)

இரவு முழுக்க எனக்கு வேறொரு யோசனை. கண்டியில் இருக்கிறது, சிங்கப்பூரில் இருக்கிறது, கடலிலேயே நீந்துகிறது என்கிறீர்கள். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான். அப்புறம் ஏன் நீர் உடும்பு நம் பக்கம் வரவில்லை? கள்ளத் தோணியிலாவது வந்திருக்கலாமே.

நாகமலை நடையன் (காலை 9.30)

இந்த இழையில் வந்த மிகச் சிறந்த கேள்வி இது. நீந்தும் சக்தியில் குறை இல்லை. 1883இல் இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை வெடித்துத் தீவே பொசுங்கிப்போன பிறகு, அங்கே கடல் தாண்டி வந்து சேர்ந்த முதல் பிராணிகளில் நீர் உடும்பும் ஒன்று.

என் எண்ணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம். வந்து சேருவது ஒன்று, குடியிருப்பது வேறு. கபரகொயாவுக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் வற்றாத நீர்க்கரை வேண்டும். நிழல், ஈர மண், ஆற்றோர மரப் பொந்து எல்லாம் வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைக் கண்மாய்களோ கார்த்திகையில் கடல், சித்திரையில் பொட்டல். அதன் வாழ்க்கை முறை இந்த ஊருக்கு ஒத்துவராது. நம் உடும்புக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தண்ணீர் இருந்தால் நீந்தி மீன் பிடிக்கும். இல்லாவிட்டால் கரட்டில் வண்டு பொறுக்கும். அரிட்டாபட்டிப் பாறையில் நட்ட நடு வெயிலில் பார்த்திருக்கிறேன். சாமநத்தம் கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் நாரைக் கூட்டுக்குக் கீழே, குஞ்சு எப்போது விழும் என்று காத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மடைக்காரர் மகன் (காலை 10.02)

இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். எங்களைப் போலத்தான், தண்ணீர் வந்தால் விவசாயி, வராவிட்டால் திருப்பூர்.

கண்டிப் பேத்தி (காலை 10.40)

பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "கபரகொயா கண்டியிலேயே நின்றுவிட்டது, நாங்கள்தான் கப்பலேறினோம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

நிலையூரான் (மே மாதம், சனி, காலை 8.50)

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. கண்மாய் வற்றிவிட்டது. நடுவில் நாலு குழியில் மட்டும் சேற்றுத் தண்ணீர். மற்ற இடமெல்லாம் ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கிறது. சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கிறது, அதை என்ன சொல்ல.

இன்று காலை அதே மடைக்குப் போனேன். குழியோரம் ஈரச் சேற்றில் தடம் இருந்தது: இரண்டு பக்கமும் ஐந்தைந்து விரல் பதிந்த கால், நடுவில் கயிறு இழுத்த மாதிரி வால் கோடு. குழியில் செத்துக் கிடந்த கெளுத்திகளில் இரண்டுக்குத் தலை இல்லை. தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வெடிப்பைத் தாண்டும் இடத்தில் வால் கோடு அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. அங்கே வாலைத் தூக்கியிருக்கிறது போல. எழுபது எழுபத்தைந்து தப்படி போய்க் கரையேறி, மடைக் கல் இடுக்கில் முடிகிறது. உள்ளே இருட்டு. டார்ச் அடித்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன்; சித்தப்பா ஞாபகம் வந்து கையை நீட்டவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே வரக் காணோம்.

மடைக்காரர் மகன் (காலை 8.58)

கல் இன்னும் சுட்டிருக்காது. ஒன்பதரை வரை உட்காருங்கள். நிழல் மடையின் மேல் விழாத பக்கமாகத் தள்ளி உட்காருங்கள்.

நிலையூரான் (காலை 9.41)

மூக்கு தெரிகிறது.